பெயர் பிரமாணம் ஆகாது

பழைய கிட்டார் ஆம்ப்ளிபையர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து, பின்பலகையைக் கழற்றிப் பார்க்கையில், உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் காந்தத்தின்மேல் கம்பெனியின் பெயரோ வாட்ஸ் அளவோ ஓம் அளவோ எதுவும் காணப்படாவிட்டால், அந்த ஸ்பீக்கர் போலி அல்லது மட்டமான சரக்கு, அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் பெயருள்ள புது ஸ்பீக்கர் ஒன்றை மாட்டுவதே புத்திசாலித்தனம் என்னும் அபிப்பிராயம், புதுச்சேரியில் இசைக் கருவிகளோடு பழகுகிறவர்களிடையே வேரூன்றிவிட்டது. பழைய சாமான் விற்பவர் இதைச் சொல்கிறார். மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர் சொல்கிறார். மாதா கோயில் பாடற்குழுவுக்கு ஆம்ப் வாங்கித் தர முன்வரும் பெரியவரும், விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்களே என்று, அதையே திருப்பிச் சொல்கிறார். எல்லோரும் ஒரே குரலாகச் சொல்வதனால் இது உண்மை போலத் தோன்றுகிறதேயன்றி, இதற்கு ஆதாரமாக எவரும் ஒரு காரணத்தை எடுத்துக் காட்டி நான் கேட்டதில்லை. பெயர் இருப்பதனால் ஒரு ஸ்பீக்கர் நல்லதாகிவிடுவதில்லை என்பதும், பெயர் இல்லாததனால் அது அறியவொண்ணாததாகிவிடுவதில்லை என்பதும், ஒரு ஸ்பீக்கர் தன்னைப் பற்றித் தரும் சாட்சியங்களுள் அதன் முதுகில் ஒட்டிய காகிதமே மிகவும் பலவீனமானது என்பதும் என் உறுதியான கருத்து.

இந்தப் பிரச்சினை மற்ற ஊர்களைவிட இவ்வூரில் அடிக்கடி எழுவதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் நீங்கி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பின்னரும், பிரான்சோடு உறவும் போக்குவரத்தும் அறாத குடும்பங்கள் பல இங்கே இருந்துவருகின்றன. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தோன்றிய நாள் முதல் பல தேசத்தவர் வந்து தங்கி, சிலர் நிலைத்தும் சிலர் தம் ஊருக்குத் திரும்பியும் போயிருக்கின்றனர். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21-ஆம் நாள் இசைத் திருவிழாவை இந்நகரமும் தனதாக்கிக்கொண்டு கொண்டாடுகிறது. இத்தகைய ஊரில் ஒருவர் கைக்கு வரும் பழைய ஆம்ப் அமெரிக்காவில் செய்ததாகவும் இருக்கலாம், இங்கிலாந்திலோ இத்தாலியிலோ ஜப்பானிலோ செய்ததாகவும் இருக்கலாம், நம் நாட்டிலேயே பெட்டி கட்டி ஏதோ ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தியதாகவும் இருக்கலாம். பிரான்சிலிருந்து வந்த பெட்டியில் ஓடாக்ஸ், சியார் முதலிய பிரெஞ்சுக் கம்பெனிகளின் ஸ்பீக்கர் இருக்கக்கூடும். அப்பெயர்கள் கிட்டார் உலகில் அதிகம் அடிபடாதவை என்பதனால், பெயர் இருந்தும் அவற்றைப் பெயரில்லாதவையாகவே நம்மவர் நடத்துகிறார்கள். மேலும் இது கடற்கரைப் பட்டினம். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் வேகத்தைக் கடற்கரைச் சாலைக்கு அருகே ஜன்னல் கம்பி வைத்த எல்லோரும் அறிவர். காந்தத்தின் பின்மூடியில் துரு பூத்தபின் அதன்மேல் ஒட்டிய காகிதம் எத்தனை வருஷம் நிற்கும்? பெயர் உதிர்ந்தது பொருளின் குற்றமன்று, காற்றின் குணம்.

ஆனால் காற்றின்மேல் முழுப் பழியையும் போடுவதும் சரியன்று. ஏனெனில் பெயரே இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நல்ல ஸ்பீக்கர்களும் உண்டு. ஆம்ப் செய்கிற கம்பெனியும் ஸ்பீக்கர் செய்கிற கம்பெனியும் ஒன்றல்ல என்னும் சாதாரண விஷயத்தை நம்மவரில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்டர் கம்பெனி தன் ஆம்ப்களுக்கு ஜென்சன், ஆக்ஸ்போர்டு, யூட்டா, சி.டி.எஸ்., எமினென்ஸ் என்று காலத்துக்குக் காலம் பலரிடம் ஸ்பீக்கர் வாங்கியது. வாக்ஸும் மார்ஷலும் செலஸ்டியனிடம் வாங்கின. விற்பவன் பெயர் தெரியாமல், வாங்குகிறவன் பெயரைப் பொறித்துத் தருவதும், வெறும் எண்ணை மட்டும் மையால் குத்தித் தருவதும் இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். செலஸ்டியன் தொழிற்சாலையில் பிறந்து வாக்ஸ் என்னும் சீட்டோடு வெளிவந்த ஸ்பீக்கரின் சீட்டு உதிர்ந்துவிட்டால், அது அனாதைச் சரக்காகிவிடுமா? காந்தமும் கோனும் காயிலும் அப்படியேதான் இருக்கின்றன. உதிர்ந்தது இடைத்தரகனின் கையெழுத்து மட்டுமே.

இனி, பெயர் இருந்தால் போதும் என்னும் மறுபாதியை எடுத்துக்கொள்வோம். தீங்கில் இது முன்னதைவிடப் பெரியது. ஸ்பீக்கர் என்பது உடையாமல் தேயாமல் ஆண்டாண்டுக்கும் அப்படியே நிற்கும் பொருளன்று. கோன் கிழியும், காயில் கருகும், காயிலை நடுவில் நிறுத்தும் ஸ்பைடர் தளரும். இவற்றை அகற்றிப் புதியன ஒட்டுவதை நம் ஊரில் கோன் மாற்றுவது என்கிறோம். சென்னை ரிச்சி தெருவில் கோனும் காயிலும் ஸ்பைடரும் நடுமூடியும் தனித்தனியே விலைக்குக் கிடைக்கும். கைத்திறமுள்ள ஒருவர் அவற்றை வாங்கி வந்து, எரிந்துபோன வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்குப் புத்துயிர் கொடுத்துவிடுவார். இந்தத் தொழிலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது; எத்தனையோ மேடைகள் இதனால்தான் அன்று மாலை ஊமையாகாமல் தப்பியிருக்கின்றன. ஆனால் விளைவைக் கவனியுங்கள்: காந்தத்தின்மேல் இருக்கும் செலஸ்டியன் என்னும் பெயர் உண்மையானதுதான், யாரும் அதைத் திருடி ஒட்டவில்லை, எனினும் ஒலி எழுப்புகிற உறுப்புகள் ஒன்றுகூட செலஸ்டியனுடையவை அல்ல. கிட்டார் ஸ்பீக்கரின் குரலுக்குப் பிரதான காரணம் கோனின் காகிதம். அதன் கனம், விளிம்பின் மடிப்பு, அதில் நனைத்த பசை ஆகியவையே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. அவை மாறியபின் பெயர் மட்டும் மாறாமல் நின்று, கேட்பவரிடம் அசல் விலையைப் பெற்றுத் தருகிறது. பொய்யான சீட்டைவிட இந்த மெய்யான சீட்டே அதிகம் ஏமாற்றும்.

நம் முன்னோர் ஒரு பொருளை அறியும் வழிகளை ஆராய்ந்தபோது, சிவஞான சித்தியார் காட்டுவதுபோல், காண்டல், கருதல், உரை என்று மூன்றாக அடக்கினார்கள். கண்ணெதிரே கண்டறிவது ஒன்று. கண்டதைக் கொண்டு காணாததை அனுமானிப்பது ஒன்று. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டறிவது ஒன்று. உரை பிரமாணமாவது சொன்னவர் ஆப்தராக இருக்கும்போது மட்டுமே என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ஸ்பீக்கரின் சீட்டு என்பது உரை. அதைச் சொன்னவர் யார், ஒட்டியவர் யார், ஒட்டியபின் உள்ளே மாற்றியவர் யார் என்பது நமக்குத் தெரியாது. காண்டலும் கருதலும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, ஆப்தர் என்று நிச்சயிக்க முடியாத ஒருவரின் உரையையே பற்றிக்கொண்டு தொங்குவது எந்தச் சாஸ்திரத்துக்கும் அடுத்ததன்று.

காண்டலால் அறியக்கூடியவை எவ்வளவு! முதலில் கோனின் விளிம்பைப் பாருங்கள். கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கரில் பெரும்பாலும் கோன் காகிதமே வெளிவிளிம்புவரை நீண்டு, அலையலையாக மடிந்து சட்டத்தில் ஒட்டியிருக்கும். அம்மடிப்பில் பளபளப்பான பிசின் போன்ற பூச்சும் காணப்படலாம். ரப்பர் வளையமோ பஞ்சு போன்ற நுரை வளையமோ இருக்குமானால், அது வீட்டில் பாட்டுக் கேட்கும் செட்டுக்கான ஸ்பீக்கர் என்று ஏறத்தாழத் தீர்மானித்துவிடலாம். அந்த நுரை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரலால் தொட்டாலே பொடியாக உதிரும் நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு. நடுவில் பெரிய கோனுக்குள் சிறிய கோன் ஒன்று புனல்போல் நின்றால், பேச்சுக்கும் பாட்டுக்குமாகப் பொதுவில் செய்த ஸ்பீக்கரை யாரோ பின்னால் மாட்டியிருக்கிறார் என்று பொருள். நடுமூடி அகன்ற அலுமினியக் குமிழாக இருந்து, அதன் கீழுள்ள காயில் நான்கு அங்குல விட்டம் இருந்தால், ஜே.பி.எல். கம்பெனியின் டி130 போன்ற ஒன்றாக இருக்குமோ என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அதைப் பெயரில்லை என்று எடைக்குப் போடுகிறவர் என்ன இழக்கிறார் என்பதை அவரே அறியார்.

காந்தமும் பேசும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆல்னிகோ காந்தம் பொதுவாகச் சிறுத்து உயர்ந்து, மணி போன்ற மூடிக்குள்ளோ இரும்புப் பட்டைக்குள்ளோ இருக்கும். பெரைட் காந்தம் கறுத்துத் தட்டையான தடித்த வளையமாக இரண்டு இரும்புத் தட்டுகளுக்கிடையே தெரியும். பெரைட் 1950-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து உலகுக்கு வந்தது. கிட்டார் ஸ்பீக்கர்களில் பரவலாகப் புகுந்தது 1960-களில். 1978-இல் அன்றைய சயீர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் நேர்ந்த கலகத்தால் கோபால்ட் விலை தாறுமாறாக ஏறவே, ஆல்னிகோவில் எஞ்சி நின்ற கம்பெனிகளில் பலவும் அதைக் கைவிட்டன. பிற்காலத்தில் பழைய மாதிரிகளை மீண்டும் செய்யத் தொடங்கியபோது ஆல்னிகோவும் திரும்பி வந்தது. ஆகையால் ஆல்னிகோவைக் கண்டதும் பழமை என்று குதிப்பதும் பேதைமை. பசையின் நிறம், திருகுகளில் ஏறிய துரு, பெட்டிப் பலகையில் சட்டம் பதிந்த தழும்பு ஆகியவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின்பே சொல்ல வேண்டும். சட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒட்டிய அட்டை வளையம் கோணலாக இருப்பதும், நடுமூடியைச் சுற்றிப் பசை வழிந்திருப்பதும், கோனிலிருந்து டெர்மினலுக்குச் செல்லும் பின்னல் கம்பி புதிதாகப் பற்றவைத்திருப்பதும் கோன் மாற்றியதற்குத் தெளிவான அடையாளங்கள். எந்தச் சீட்டும் இவற்றைச் சொல்லாது.

இங்கே இன்னொரு சாராரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் பெயரை நம்பாதவர்கள், எண்ணை நம்புகிறவர்கள். சட்டத்தில் குத்திய எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது இவர்கள் கட்சி. எண் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. அமெரிக்க எலெக்ட்ரானிக் தொழில் நிறுவனங்களின் சங்கம் வகுத்த முறையில், முதலில் நிற்கும் எண்கள் செய்தவரையும், அடுத்தவை ஆண்டையும், கடைசி இரண்டும் அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். 220 ஜென்சன், 465 ஆக்ஸ்போர்டு, 137 சி.டி.எஸ்.; 328 யூட்டா; 649 எலெக்ட்ரோ-வாய்ஸ்; 391 ஆல்டெக் லான்சிங்; 67 என்று தொடங்கினால், 1966-இல் கென்டக்கி மாகாணத்தில் தொடங்கிய எமினென்ஸ். ஆகவே 220647 என்னும் எண், ஜென்சன் கம்பெனி ஆறில் முடியும் ஓர் ஆண்டின் 47-ஆவது வாரத்தில் செய்தது என்று படிக்கத்தக்கது. ஆனால் எந்த ஆறு? 1946-உம் ஆகலாம், 1956-உம் ஆகலாம், 1966-உம் ஆகலாம். எண் இங்கே வாய்மூடிக்கொள்கிறது. காந்தம்தான் மறுமொழி சொல்ல வேண்டும். பெரைட் வளையம் இருக்குமானால் 1966 என்பதே பொருந்தும். கடைசி இரண்டு இலக்கம் 52-ஐத் தாண்டினால், நாம் படித்த எண் தேதி எண்ணே அன்று, வேறேதோ பாக எண் என்று விட்டுவிட வேண்டும். ஆம்பின் வால்யூம் கன்ட்ரோல்களின் முதுகிலும் டிரான்ஸ்பார்மரின் பக்கத்திலும் இதே முறையில் எண் குத்தியிருப்பார்கள். 606 என்றால் ஷூமாக்கர் கம்பெனி செய்த டிரான்ஸ்பார்மர். அவற்றின் ஆண்டும் ஸ்பீக்கரின் ஆண்டும் அருகருகே நின்றால் பிறந்தது முதல் இரண்டும் ஒரே பெட்டியில் வாழ்ந்தவை என்று நம்பலாம். பத்து ஆண்டு விலகி நின்றால் இடையில் மாற்றம் நடந்திருக்கிறது. இங்கிலாந்துச் சரக்கில் இந்த முறை இல்லை. செலஸ்டியன் மாதத்துக்கு ஓர் எழுத்தும் ஆண்டுக்கு ஓர் எழுத்தும் நாளுக்கு ஓர் எண்ணும் வைத்தது. ஒரே எழுத்து இரண்டு வெவ்வேறு ஆண்டுகளைக் குறிக்கவும் நேர்ந்தது. டி (T) என்னும் எழுத்தோடு தொடங்கும் மாதிரி எண் கிடைத்தால் நல்லது; அதுவும் காந்தத்தின் மேல்மூடியிலோ சீட்டிலோ இருந்து உதிர்ந்திருந்தால், மறுபடியும் கோனுக்கும் காயிலுக்கும்தான் திரும்பியாக வேண்டும். கோனின் பின்புறத்தில் மையால் குத்திய எண் சில வேளைகளில் தப்பிப் பிழைத்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுகிறவர் கண்ணுக்கே அது அகப்படும்.

நிறத்தை நம்புகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்மூடி பச்சையாக இருந்தால் செலஸ்டியன் கிரீன்பேக் என்றும், சட்டம் நீலமாக இருந்தால் வாக்ஸ் ஏசி30-இல் இருந்த நீல செலஸ்டியன் என்றும் விலை கூறுகிறார்கள். பெயின்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

கருதல் என்னும் இரண்டாம் வழிக்கு வருவோம். உண்மையில் வாங்குகிறவருக்கு மிக வேண்டியது இதுதான். ஒரு ஸ்பீக்கரைப் பயன்படுத்துவதற்கு அதன் குலமும் கோத்திரமும் தெரிந்தாக வேண்டுமென்பதில்லை. அது எத்தனை ஓம், எவ்வளவு வாட்ஸ் தாங்கும், எந்த ஸ்வரத்திலிருந்து பேசத் தொடங்குகிறது என்னும் மூன்றும் தெரிந்தால் போதும். இவற்றுள் முதலாவதை எந்த மெக்கானிக் கையிலும் உள்ள மல்டிமீட்டர் சொல்லிவிடும். ஆம்பிலிருந்து வரும் கம்பியை விலக்கிவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் ஸ்பீக்கர் டெர்மினலில் வைத்தால், எட்டு ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய ஆறிலிருந்து ஏழு காட்டும்; பதினாறு ஓம் பன்னிரண்டிலிருந்து பதினான்குவரை காட்டும்; நான்கு ஓம் மூன்றுக்குச் சற்று மேலே நிற்கும். மீட்டர் நேர்மின்சாரத்துக்குக் காயில் தரும் தடையை அளக்கிறது, சங்கீதமோ மாறுமின்சாரம், ஆகையால் இந்த வித்தியாசம். ஆறரை காட்டுகிறதே, இது கெட்டுப்போன ஸ்பீக்கர் என்று வீசி எறிந்தவர்களும் உண்டு. பழைய இங்கிலாந்து ஸ்பீக்கர்கள் பதினைந்து ஓம் என்று கணக்கிடப்பட்டவை. அவற்றைப் பதினாறின் இடத்தில் தயங்காமல் வைக்கலாம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் எரிந்திருக்கலாம், அல்லது பின்னல் கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். முன்னதற்குக் கோன் மாற்ற வேண்டும், பின்னதற்குச் சூட்டுக்கோல் பட்டால் போதும்.

இந்த ஒரு பரீட்சையைச் செய்யாமல், பெயரைப் பார்த்து ஸ்பீக்கர் மாற்றியதனால் விளையும் கேட்டைச் சொல்லாமல் மேலே போக என்னால் இயலாது. வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் குறிப்பிட்ட ஓம் அளவுக்கே சுற்றப்பட்டது. அதற்கு வெகுவாக மாறுபட்ட ஸ்பீக்கரை மாட்டினால் வால்வும் டிரான்ஸ்பார்மரும் நாளடைவில் தளர்ந்துபோகும். ஸ்பீக்கரே இல்லாமல் உரக்க ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் அன்றே எரிந்துபோகவும் கூடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் நேர்மாறாக, ஓம் குறைந்த ஸ்பீக்கரே ஆபத்து. தாங்கக்கூடியதற்கு மேல் மின்சாரத்தை இழுத்து டிரான்சிஸ்டரைக் கருக்கிவிடும். இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கர்களை அருகருகே இணைத்தால் நான்கு, அடுத்தடுத்துத் தொடுத்தால் பதினாறு என்னும் கணக்கும் தெரியாமல், பெயர் பெரிது, வாட்ஸ் பெரிது என்று வாங்கி மாட்டியதனால் பாழான ஆம்ப்களைப் பண்டிகைக்கு முந்திய வாரங்களில் ரிப்பேருக்குத் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே முதலில் இருந்த, பெயரற்ற அந்தப் பழைய ஸ்பீக்கர் அந்தப் பெட்டிக்குச் சரியான ஓம் உடையதாக இருந்திருக்கும். அது எடைக்குப் போய்விட்டது.

வாட்ஸ் விஷயத்தில் காயிலின் விட்டம் நல்ல குறிப்பு. நடுமூடியின் அளவைக் கொண்டு காயிலின் அளவை ஊகிக்கலாம்: ஓர் அங்குலக் காயிலும் சிறிய ஆல்னிகோவும் உடைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வீட்டு அறைக்கும் சிறிய ஆம்புக்கும் உரியது, ஒன்றே முக்கால் அங்குலக் காயில் உடைய செலஸ்டியன் வகை அதைவிட எவ்வளவோ தாங்கும். சந்தேகம் வந்தால் குறைத்தே மதிப்பிட வேண்டும். அதிகம் தாங்கும் என்று ஊகித்துக் கெடுப்பதைவிட, குறைவாக நினைத்துக் காப்பாற்றுவது மேல்.

மூன்றாவதான ஸ்வரப் பரீட்சைதான் எனக்கு மிகவும் பிரியமானது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதன் கோனின் கனத்தையும் விளிம்பின் விறைப்பையும் பொறுத்து இயல்பாக அதிரும் ஒரு ஸ்தானம் உண்டு. அந்த இடத்தில் அதன் மின்தடை திடீரென்று பன்மடங்கு உயரும். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கரோடு தொடுத்து, டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றிலிருந்து மெல்லிய ஒலி அலையை அனுப்பி, அதன் அதிர்வெண்ணைக் கீழிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே, ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜைக் கவனித்தால், ஓரிடத்தில் முள் எழும்பி மீண்டும் தணியும். அலையை உண்டாக்க இன்று கைப்பேசியே போதும். முள் எழும்பும் இடம் விநாடிக்கு 75 அதிர்வுக்கும் 110 அதிர்வுக்கும் இடையே இருந்தால் அது கிட்டார் ஸ்பீக்கர் என்பதற்கு வலிய ஆதாரம். கிட்டாரின் தடித்த கம்பி ஒலிப்பதே விநாடிக்கு 82 அதிர்வில்தான். 55-க்கு அருகே இருந்தால் பேஸ் கிட்டாருக்கெனச் செய்த வகையாகலாம். 40-க்குக் கீழே போனால் அது வீட்டு செட்டிலிருந்து வந்தது, கிட்டார் ஆம்பில் அது சவசவவென்றே ஒலிக்கும். பல்லாண்டு உழைத்த கோன் தளர்ந்து இந்த எண் சற்று இறங்கியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இது யாரும் ஒட்டவோ உரிக்கவோ முடியாத சீட்டு.

காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுவேன், இத்தனை பரீட்சை எதற்கு என்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. சங்கீதத்தில் இறுதித் தீர்ப்பு காதுடையதே. ஆனால் கேட்கப்படுவது ஸ்பீக்கர் மட்டும் அன்று. பெட்டியின் பலகை, பின்புறம் திறந்ததா அடைத்ததா என்பது, வால்வுகளின் வயது, கேட்கும் அறை, எல்லாம் சேர்ந்தே காதை அடைகின்றன. சோர்ந்த வால்வின் குற்றத்தை ஸ்பீக்கரின் தலையில் ஏற்றி, நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்தபின்னும் பழைய குறையே நீடிப்பதைக் கண்டு திகைக்க நேர்கிறது. எந்தக் காதும் ஓம் எத்தனை என்று சொல்லாது. பரீட்சை முடிந்தபின் காது பேசட்டும்.

பெயருள்ளதை வைத்துப் பெயரில்லாததை நிர்ணயிப்பது எவ்வளவு தூரம் வழிதப்பச் செய்யும் என்பதற்கு, நம் நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடே சாட்சி. 1945-இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோவைச் சார்ந்த, குயவர் பெயர் முத்திரையிட்ட சிவப்புப் பாண்ட ஓடுகளைக் கண்டெடுத்தார்; அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த மற்ற ஓடுகளுக்கும், அதன் வழியாகத் தென்னிந்தியத் தொல்லியலுக்குமே ஒரு காலக்கணக்கு கிடைத்தது. அது மகத்தான காரியம். ஆனால் அதே குழிகளில், உள்தளத்தில் சிறு குழிகள் வட்டவட்டமாகப் பதிந்த, எவர் பெயரும் இல்லாத ரௌலெட்டட் என்னும் மெல்லிய பாண்டமும் கிடைத்தது. அதையும் மத்தியதரைக் கடல் நாடுகளின் வழிவந்ததாகவே அவர் கொண்டார். பிற்காலத்தில் அப்பாண்டத்தின் மண்ணையே எக்ஸ்-கதிர் முறையில் ஆராய்ந்த விஷ்வாஸ் கோக்டே, 1990-களில், அதன் மூலம் வங்காளத்துச் சந்திரகேதுகர்-தாம்லுக் பகுதி என்று எடுத்துக்காட்டினார். இன்று அதை இந்தியப் பாண்டமாகவே கருதுகிறார்கள். முத்திரை காலத்தைக் காட்டிக் கொடுத்தது; பக்கத்தில் கிடந்ததன் பிறப்பிடத்தை அதனால் காட்ட முடியவில்லை; அதை மண்தான் சொல்லிற்று. கோனின் காகிதமும் காயிலின் செம்பும் காந்தத்தின் கல்லும் ஸ்பீக்கரின் மண்.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம், புது ஸ்பீக்கர் வாங்கிவிடலாமே என்னும் கடைசி ஆட்சேபம் ஒன்று உண்டு. வாங்கக்கூடியவர்கள் வாங்கட்டும். ஆனால் பழைய ஆம்பைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், பாடற்குழு இளைஞர்கள், கல்யாண மேடைகளில் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். நல்ல ஸ்பீக்கர் ஒன்றின் விலை, அவர்கள் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிடக் கூடும். அவர்களிடம் பெயரில்லை, ஆகையால் பயனில்லை என்று சொல்வது அவர்களுடைய பணத்தின்மீது செய்யும் அநியாயம். மேலும் ஆம்பின் மின்சுற்றும் பெட்டியும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று எண்ணி வடித்தவை. அந்த இணக்கத்தைப் பிரித்துவிட்டு, விளம்பரத்தில் கண்ட பெயரை உள்ளே வைத்தால் பழைய குரல் திரும்பி வருமென்று யாரும் உறுதி தர முடியாது.

கழிக்க வேண்டியதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இரு கைவிரல்களையும் கோனின் இருபுறமும் சமமாக வைத்து மெல்ல அழுத்துகையில் உள்ளே மணல் உரசுவதுபோல் சத்தம் வந்தால், காயில் கோணியோ துரு புகுந்தோ போயிருக்கிறது. அது கோன் மாற்றுகிறவரிடம் போக வேண்டியது. காந்தமே இடம்பெயர்ந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் தீர்ந்தது. இத்தனை பரீட்சைக்குப் பின்னும் இன்ன கம்பெனியின் இன்ன மாதிரி என்று நிச்சயிக்க முடியாத ஸ்பீக்கர்கள் நிற்கும். அவற்றை இது எட்டு ஓம், கிட்டாருக்கானது, இருபது வாட்ஸுக்குள் வைத்துக்கொள்ளலாம், செய்தவர் தெரியவில்லை என்று உள்ளது உள்ளபடி சொல்லி விற்பதில் அவமானம் ஒன்றுமில்லை. செலஸ்டியனாக இருக்கலாம் என்று வாய் கூசாமல் சொல்லி விற்பதைவிட அது ஆயிரம் மடங்கு நேர்மையானது.

நம் ஊர் சண்டே மார்க்கெட்டுக்குப் போகும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, சட்டைப்பையில் ஒரு சிறு விளக்கும் மல்டிமீட்டரும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவரிடம் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆம்புக்குள் இருக்கும் கன்டென்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் வோல்டேஜைத் தாங்கியிருக்கக்கூடும் என்பதால் அப்பக்கம் கைவைக்காமல், ஸ்பீக்கர் கம்பியை மட்டும் விலக்கி அளந்து பாருங்கள். மின்சாரத் தகட்டில் 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்டில் நேராகச் செருகாதீர்கள். கோன் மாற்றும் தொழில் செய்யும் அன்பர்களிடம் கேட்டுக்கொள்வதோ இன்னும் எளியது: வேலை முடிந்ததும், மாற்றிய தேதியையும், போட்ட காயிலின் ஓம் அளவையும் விட்டத்தையும், உங்கள் பெயரையும், உப்புக்காற்று அரிக்காதபடி, சட்டத்தின் பின்புறத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள். அந்த ஸ்பீக்கரைப் பற்றி உண்மை தெரிந்தவர் நீங்கள் ஒருவரே.